விடுபட்ட பதக்கமும் படைவீரரின் பணிப்பதிவும்

பினாங்கு ஜார்ஜ் டவுன் நகரின் கடற்கரைத் திடல் ஓரத்தில் போர் நினைவுச் சின்னம் ஒன்று நிற்பதை நம்மில் பலரும் கண்டிருப்போம். முதலாம் உலகப் போரில் உயிர் நீத்தோரின் நினைவாக அது 1929ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. நம் நாட்டில் ஜூலை 31ஆம் நாள் வீரர் தினமாகப் போற்றப்படுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அவசரகாலம் 1960ஆம் ஆண்டு அந்நாளில்தான் முடிவுற்றது.

அத்தகைய நாளில் மார்பில் பதக்கம் அணிந்து நிற்கும் தகுதி பெற்ற முதியவர்கள் நம் தோட்டத்து லயங்களிலும் உள்ளனர். தோட்டத்தை விட்டு வெளியேறி நிபோங் திபாலிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் குடியேறிய குடும்பங்களிலும் உள்ளனர். எனினும் சிலருடைய பணிப்பதிவில் அவர்கள் பெற வேண்டிய பதக்கம் எழுதப்படவே இல்லை. சிலருக்குப் பதக்கம் கையில் இருக்கிறது, ஏட்டில் இல்லை. வேறு சிலருக்கு இரண்டும் இல்லை. இக்குறையைத் திருத்திக்கொள்ள வழி உண்டா? உண்டு. அவ்வழியைப் பொறுமையாகவும் முறையாகவும் பின்பற்றுதல் வேண்டும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதக்கம் என்பது என்ன?

படைவீரருக்கு வழங்கப்படும் பதக்கங்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். தனிப்பட்ட வீரச் செயலுக்காக வழங்கப்படுவது ஒரு வகை. நெடுங்காலம் நன்னடத்தையுடன் பணியாற்றியமைக்காக வழங்கப்படுவது இரண்டாம் வகை. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட இடத்தில் பணியில் இருந்தமைக்காக வழங்கப்படுவது மூன்றாம் வகை.

ஏட்டில் மிகுதியாக விடுபடுவது இம்மூன்றாம் வகையே. இதற்கு ஒருவர் வீரச் செயல் எதனையும் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பிரிவில், எந்த இடத்தில் இருந்தார் என்பதை மெய்ப்பித்தால் போதுமானது. ஆகவே, பதக்கத்தைக் கேட்பதற்கு முன் பணிப்பதிவில் உள்ள தேதிகளும் இடங்களும் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவை தவறாக இருப்பின் முதலில் அவற்றையே திருத்த வேண்டும்.

ஏன் விடுபடுகிறது?

முதற்காரணம், கேட்காமல் விட்டமை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிரிட்டிஷ் தரைப்படையிலிருந்து விலகிய வீரர்களுக்குப் பதக்கங்கள் தாமாக வந்து சேரவில்லை. வீரரே விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. பலர் விண்ணப்பிக்காமலேயே இருந்துவிட்டனர்.

இரண்டாம் காரணம், படைப்பிரிவுகளின் பெயர் மாற்றம். எடுத்துக்காட்டாக, எல்லா இனத்தாரும் சேரத்தக்க ஃபெடரேஷன் ரெஜிமெண்ட் 1952ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டில் அது கவச வண்டிப் படையுடன் இணைக்கப்பட்டு வேறு பெயர் பெற்றது. ஒரே படையில் தொடர்ந்து பணியாற்றியவருடைய தாள்களில் இரு வேறு பெயர்கள் காணப்படுவது இதனாலேயே.

மூன்றாம் காரணம், ஏடுகளின் அழிவு. இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. முதலாம் உலகப் போரில் போரிட்ட பிரிட்டிஷ் தரைப்படை வீரர்களின் பதிவுகளில் பெரும்பகுதி, 1940ஆம் ஆண்டில் லண்டன் மீது நிகழ்ந்த குண்டு வீச்சில் எரிந்து போயிற்று. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் 1973ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் மூண்ட தீயில் ஒரு கோடியே அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட படைவீரர்களின் கோப்புகள் அழிந்தன. அதன்பின் வேறு அலுவலகங்களில் இருந்த சம்பள ஏடுகள் முதலியவற்றைக் கொண்டு அப்பதிவுகளை மீண்டும் அமைத்து வருகின்றனர். ஓர் ஏடு அழிந்தால் மற்றோர் ஏடு சான்று கூறும் என்பதே இதிலிருந்து நாம் அறிய வேண்டிய பாடம்.

நான்காம் காரணம் நம் மக்களுக்கே மிகவும் உரியது. அது பெயர்.

ஒருவருக்கு எத்தனை பெயர்?

தோட்டத்தில் பிறந்த ஒருவருடைய பெயரைக் கிராணி தாம் கேட்டவாறு செக்ரோலில் எழுதினார். 1948ஆம் ஆண்டில் அவசரகாலச் சட்டத்தின்கீழ் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் பதிந்து அடையாளக் கார்டு வழங்கியபோது, வேறோர் எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதினார். படையில் சேர்ந்த நாளில் மூன்றாமவர் ஒருவர் எழுதினார். இவர்களில் எவரும் வேண்டுமென்றே தவறு செய்யவில்லை. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு ஒரே முறை இல்லாமையே குறை.

இராமசாமி என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். 'சாமி' என்பதை ஒருவர் எஸ், ஏ, எம், ஒய் என்று எழுதுவார். மற்றொருவர் எஸ், டபிள்யூ, ஏ, எம், ஐ என்று எழுதுவார். ஒருவர் பெயரை ஒரே சொல்லாகவும், மற்றவர் இரண்டாகப் பிரித்தும் எழுதுவார். தந்தை பெயருக்கு முன் 'எஸ்/ஓ' என்று ஆங்கில முறையில் எழுதிய வழக்கம் பின்னர் மாறி, மகன் என்று பொருள்படும் மலாய் மொழிச் சுருக்கமாகிய 'ஏ/எல்' வந்தது. வீட்டில் அழைக்கும் பெயரையே படையில் கொடுத்தவர்களும் உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாதவருக்கு வயதை மதிப்பிட்டு எழுதியதால் பிறந்த ஆண்டும் ஏட்டுக்கு ஏடு மாறுவதுண்டு.

அடையாளக் கார்டு எண்ணும் மாறியது. இன்று வழங்கும் பன்னிரண்டு இலக்க எண் 1990ஆம் ஆண்டிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பணியாற்றியவருடைய படைப்பதிவில் பழைய எண்ணே இருக்கும். புதிய எண்ணை மட்டும் எழுதி விண்ணப்பித்தால், ஏட்டில் உள்ளவரும் விண்ணப்பிப்பவரும் ஒருவரே என்பது அலுவலருக்கு எவ்வாறு விளங்கும்?

எனவே, பெயர் வேறுபாட்டை மறைக்காமல் வெளிப்படையாக விளக்குங்கள். எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி, எது எந்தத் தாளில் உள்ளது என்று குறித்துக் காட்டுங்கள். இவ்வடிவங்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் பிரமாண வாக்குமூலம் எழுதிக் கையொப்பமிடலாம். அறிந்தே பொய்யுரைத்து வாக்குமூலம் அளிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றினும் சிறந்த சான்று படை எண். ஒரே பெயரில் நூறு பேர் இருக்கலாம். ஒரு படையில் ஓர் எண் ஒருவருக்கே உரியது. தாள்கள் அனைத்தையும் இழந்த முதியவரும் தம் படை எண்ணை மறவாமல் இருப்பதைக் காணலாம். அதனை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

எந்த வாயிலைத் தட்டுவது?

பதக்கம் எதற்காக, யாரால் வழங்கப்பட்டது என்று அறியாமல் விண்ணப்பித்தால் அலைச்சலே மிஞ்சும்.

அவசரகாலத்தில் நம் தோட்டங்களைக் காத்து நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்மாரைப் பெரியவர்கள் இன்றும் 'எஸ்.சி.' என்றே குறிப்பிடுவர். துப்பாக்கி ஏந்திக் காவல் புரிந்ததால் அவர்களைப் பட்டாளத்தார் என்று குடும்பத்தார் எண்ணுவதுண்டு. ஆயினும் அவர்கள் போலீஸ் படையைச் சேர்ந்தவர்கள். அவர்களைப் பற்றிய விசாரணை அரச மலேசியப் போலீஸ் படைக்குச் செல்ல வேண்டுமேயன்றிப் பாதுகாப்பு அமைச்சுக்கு அன்று.

மலாயாவின் அல்லது மலேசியாவின் ஆயுதப் படையில் பணியாற்றியவர்கள் முன்னாள் படைவீரர் விவகார இலாகாவை அணுக வேண்டும். மலாய்ப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அது ஜே.எச்.இ.வி. எனப்படும். 1968ஆம் ஆண்டு முதல் 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாய் உடன்படிக்கை கையொப்பமாகும் வரை நிகழ்ந்த இரண்டாம் கிளர்ச்சிக் காலத்தில் எல்லையிலும் காடுகளிலும் பணி செய்தவர்கள் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். 1960ஆம் ஆண்டு முதல் காங்கோ நாட்டில் ஐக்கிய நாட்டு அமைதிப் பணிக்குச் சென்ற மலாயாச் சிறப்புப் படையினருக்கு ஐக்கிய நாட்டுப் பதக்கத்திற்குத் தகுதி ஏற்பட்டது. பொதுச் சேவைப் பதக்கம், மலேசிய அரசாங்கத்தின் பிங்காட் ஜாசா மலேசியா என்னும் பதக்கம் ஆகியவை பற்றியும் இவ்விலாகாவில் வினவலாம்.

பிரிட்டிஷ் தரைப்படை, கடற்படை, விமானப்படைகளில் நேரடியாகப் பணியாற்றிய உள்ளூர் மக்களும் இருந்தனர். அவர்களுடைய பதக்கங்களைப் பற்றிப் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்திற்கு எழுத வேண்டும். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களின் வரலாறு போற்றுதற்குரியது. எனினும் அது மேற்கூறிய எந்தப் படையின் பணிப்பதிவிலும் சேராது.

செய்ய வேண்டியவை

ஒன்று: வீட்டில் உள்ள தாள்களைத் திரட்டுங்கள். பணி விடுப்புச் சான்றிதழ், பணி ஏடு, சம்பளத் தாள், பழைய அடையாளக் கார்டு, சீருடையில் எடுத்த படம் ஆகிய யாவும் பயன்படும். பதக்கம் ஏதேனும் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். 'மலாயா' என்னும் பட்டையுடன் கூடிய பிரிட்டிஷ் பொதுச் சேவைப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். அப்பதக்கமே ஒரு பத்திரம். எழுத்து தேயும் வண்ணம் அதனைப் புளியிட்டுத் துலக்க வேண்டா.

இரண்டு: முதியவரிடம் அமைதியாக அமர்ந்து கேளுங்கள். 'எந்தத் தேதி?' என்று வினவினால் அவருக்கு நினைவு வராமற் போகலாம். 'தைப்பூசத்திற்கு விடுப்பு கிடைத்ததா? மூத்த பிள்ளை பிறந்தபோது எந்த முகாமில் இருந்தீர்கள்? உடன் இருந்தவர் யார்?' என்று கேளுங்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள தேதி தந்தையின் பணிக்காலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்று: பணிப்பதிவின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். எது விடுபட்டுள்ளது என்று அறியாமல் திருத்தம் கோருதல் இயலாது.

நான்கு: கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். அதனை மலாய் மொழியில் எழுதுதல் நலம். 'என் படை எண் இது. இப்பிரிவில் இத்தேதி முதல் இத்தேதி வரை இவ்விடத்தில் பணியாற்றினேன். இப்பதக்கம் என் பதிவில் காணப்படவில்லை. சான்றாக இத்தாள்களின் நகல்களை இணைத்துள்ளேன். பதிவைச் சரிபார்த்துத் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்' என்ற அளவில் போதும். 'எனக்குரிய எல்லாப் பதக்கங்களையும் தருக' என்று எழுதினால் எதனைத் தேடுவதென்று அலுவலருக்கு விளங்காது.

ஐந்து: மூலப் பத்திரங்களைத் தபாலில் அனுப்ப வேண்டா. உறுதிப்படுத்திய நகல்களைப் பதிவுத் தபாலில் அனுப்பி, இரசீதையும் கடித நகலையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தால் அதிலுள்ள கோப்பு எண்ணை அடுத்த கடிதத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள்.

ஆறு: 'பதிவு இல்லை' என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டா. எந்தப் பெயரில், எந்த எண்ணில் தேடினார்கள் என்று பணிவுடன் கேளுங்கள். வேறு எழுத்து வடிவில் மீண்டும் தேடுமாறு வேண்டுங்கள். உடன் பணியாற்றியவர் உயிருடன் இருப்பின் அவருடைய பிரமாண வாக்குமூலத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

சில எச்சரிக்கைகள்

பதக்கம் கிடைத்தால் ஓய்வூதியமும் கிடைக்கும் என்று சிலர் நம்புகின்றனர். அது சரியன்று. ஓய்வூதியம் பணியாண்டுகளையும் பணி நிபந்தனைகளையும் பொறுத்தது. பதக்கம் பெற்றுத் தருவதாகக் கூறிப் பெருந்தொகை கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். விண்ணப்பத்தை நீங்களே எழுதலாம். பழம்பொருள் சந்தையில் பதக்கம் விலைக்குக் கிடைத்தாலும் அதனை வாங்கி அணிவது முறையாகாது. அது வேறொருவருடைய உழைப்பு.

தாமதத்தைக் கண்டு சோர்தலும் கூடாது. பிங்காட் ஜாசா மலேசியாவை ஏற்றுக்கொள்ள 2006ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் முன்னாள் வீரர்களுக்கு அனுமதி கிடைத்தது. முறைப்படி அணிந்துகொள்ளும் அனுமதி அப்போது கிடைக்கவில்லை. அவர்கள் தொடர்ந்து பல ஆண்டுகள் முறையிட்ட பின்னரே அவ்வனுமதியும் வந்தது.

வீரர் மறைந்திருப்பின் அவருடைய மனைவியோ பிள்ளைகளோ இறப்புப் பத்திரத்தையும் உறவை மெய்ப்பிக்கும் பத்திரங்களையும் இணைத்து விசாரிக்கலாம். இவ்விடத்தில் தாமதம் மிகவும் தீங்கு பயக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது ஆபீஸ் ஏடுகள் சிதறிப் போயின. உடன் நின்ற தோழர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். தாள் போனால் ஆள் சான்று. ஆளும் போனால் பின் எவர் சொல்வார்?

பால்மரத்தில் வெட்டிய கோடு பல ஆண்டு கழித்தும் பட்டையில் தெரியும். ஒரு மனிதன் நாட்டுக்குச் செய்த பணி அவ்வாறு தானாகத் தெரிவதில்லை. எழுதி வைத்தால்தான் தெரியும். ஆகவே, உங்கள் லயத்திலோ குடும்பத்திலோ முன்னாள் வீரர் ஒருவர் இருப்பின், இவ்வாரமே அவர் அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அமருங்கள். முதல் வரியில் அவருடைய படை எண்ணை எழுதுங்கள்.