டால்பினின் அலுமினிய எஞ்சின்

பெங்களூரின் சிபானி ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 1982-இல் கொண்டுவந்த டால்பின் என்னும் சிறு கார், கண்ணாடியிழை உடலுக்காகவும் சோழவரம் பந்தயங்களுக்காகவும் பேசப்பட்ட அளவுக்கு அதன் 848 சி.சி. எஞ்சினுக்காகப் பேசப்படவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் டால்பினே அரிதாகிவிட்டது. அந்த எஞ்சினின் கதை பிரிட்டனில் தொடங்குகிறது. அங்கே சுமார் 400 கிலோவுக்கு உட்பட்ட மூன்று சக்கரக் காரை மோட்டார் சைக்கிள் உரிமத்துடனேயே ஓட்டலாம் என்றிருந்ததால், ரிலையண்ட் நிறுவனம் 1962-இல் தன் ரீகல் காருக்கென பிளாக், ஹெட் இரண்டையும் அலுமினியக் கலவையில் வார்த்த எஞ்சினை உருவாக்கியது. டால்பினுக்கு வந்தது அதன் வளர்ந்த வடிவமே.

அலுமினியத்தின் அடர்த்தி வார்ப்பிரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், பிஸ்டனின் ஓயாத உராய்வை அது தாங்காது. ஆகவே பிளாக்கினுள் லைனர் எனப்படும் வார்ப்பிரும்புக் குழல்கள் செருகப்பட்டு, அவற்றைச் சுற்றிக் குளிர்விக்கும் நீர் நேரடியாக ஓடும்படி அமைக்கப்பட்டது. எடையைக் குறைத்த இந்த ஏற்பாடே புதுப்பிப்பவருக்குச் சிக்கலையும் வைத்திருக்கிறது. சூடேறும்போது அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விரிவதால், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் மலைப்பாதையில் நீர் வற்றிய ரேடியேட்டருடன் ஒருமுறை ஓட்டினாலே ஹெட் வளைந்துவிடக்கூடும். உப்பு கலந்த கிணற்று நீர் அதைவிட மெதுவாக, ஆனால் ஆழமாகக் கெடுக்கிறது. இரு உலோகங்களுக்கும் இடையே அது மின்கலத்தைப் போல் செயல்பட, அரிக்கப்படுவது அலுமினியமே.

எனவே இத்தகைய எஞ்சினைப் பிரிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பிஸ்டனை அன்று, நீர்ப்பாதையைத்தான். ஹெட்டைக் கழற்றியபின் லைனர்களை இறுக்கிப் பிடிக்காமல் கிராங்க் ஷாஃப்டைச் சுழற்றினால், பிஸ்டனோடு அவையும் மேலெழுந்து அடியிலுள்ள அடைப்பு குலைந்துவிடும். இறுகிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் அலுமினியத்தின் மரையே பெயர்ந்து வரும். அப்போது துளையைப் பெரிதாக்கி எஃகுச் சுருள் மரை பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. வளைந்த ஹெட்டை லேத் பட்டறையில் சமப்படுத்தலாம், ஆனால் அளவுக்கு மீறிச் சீவினால் எரியறை சுருங்கி அழுத்தம் கூடிவிடும். லைனர்களின் மேல்விளிம்பு பிளாக்கின் பரப்பைவிட மிக நுண்ணிய அளவு, அதுவும் நான்கிலும் ஒரே சீராக, உயர்ந்திருந்தால்தான் கேஸ்கெட் சரியாக இறுகும். எல்லாம் பூட்டியபின் ஆயில் ஊற்றுமுன் கூலன்ட்டை நிரப்பி ஓரிரவு விட்டுப் பார்ப்பது பயனுள்ள சோதனை. காலையில் ஆயில் தொட்டியில் நீர் காணப்பட்டால், லைனரின் அடியடைப்பை மீண்டும் பிரித்தே ஆகவேண்டும்.