மலைப்பாதையில் கியர் பெட்டியும் புகைச் சோதனையும்

தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பிலிருந்து கேரளத்தின் குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில், ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் ஓடுகின்றன. ஓயாத ஏற்றமும் வளைவுகளும் இவ்வண்டிகளின் கிளட்ச்சையும் கியர் பெட்டியையும் விரைவில் தேய்த்துவிடுகின்றன. பழுதுற்ற பெட்டிக்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்திய பின், வண்டி புகைச் சோதனையில் தேறுமா என்ற ஐயம் எழுவது இயல்பே.

இதனைத் தெளிய, சோதனையின் முறையை அறிதல் வேண்டும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115ஆம் விதிப்படி, டீசல் வண்டி நின்ற இடத்திலேயே சோதிக்கப்படுகிறது. எஞ்சின் நன்கு சூடேறிய பின், கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்சிலேட்டர் விரைந்து அழுத்தப்படுகிறது. வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதைக் கருவி அளக்கிறது. ஹார்ட்ரிட்ஜ் அளவுகோலில் தூய காற்றுக்கு 0. ஒளியை முற்றிலும் மறைக்கும் புகைக்கு 100. பாரத் நிலை 4க்கு முற்பட்ட வண்டிகளுக்கு 65 அலகுகளும், நிலை 4 வண்டிகளுக்கு 50 அலகுகளும் உச்ச வரம்பாகும்.

நியூட்ரலில் கியர் பெட்டி சக்கரங்களுக்கு ஆற்றலைக் கடத்துவதில்லை. ஆதலின், பெட்டி மாறியதனால் மட்டும் அளவீடு பெரிதும் மாறாது. எஞ்சினின் பழைய குறைகளோ, வேலையின்போது தளர்ந்த புகைக்குழாய் இணைப்போ, புதிய வண்டிகளில் அறுபட்ட மின்கம்பியோதான் பெரும்பாலும் தோல்விக்குக் காரணமாகும்.

ஆயினும், சான்றிதழ் கிடைத்ததனால் ஏற்றத்திலும் புகை குறைவாகவே இருக்கும் எனக் கொள்ளலாகாது. பழைய பெட்டியின் முதல் கியரில் எஞ்சின் 4 முறை சுழல, வெளி அச்சு ஒரு முறை சுழன்றது என்க. புதிய பெட்டியில் அது 3 முறையானால், சக்கரத்தை அடையும் முறுக்குவிசை கால் பங்கு குறையும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்துவார். எஞ்சின் குறைந்த வேகத்தில் திணறும். டீசல் மிகுந்து காற்றுப் போதாமையால், எரியாத கரி கரும்புகையாக வெளிப்படும். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள குமுளியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு இது மேலும் ஓர் இடர். நிலையத்துக் கருவி காணாத இப்புகையைச் சுவாசிப்போர், வண்டியின் பின்புறம் அமர்ந்த தொழிலாளரும் சாலையோரம் நடப்போருமே.

எனவே, தயாரிப்பாளர் குறித்த வகைப் பெட்டியையே பொருத்துதல் நலம். பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. பொருத்துமுன் ஒவ்வொரு கியரிலும் உள் அச்சைக் கையால் சுழற்றி, வெளி அச்சு ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை சுற்று வேண்டும் என எண்ணிப் பழைய பெட்டியுடன் ஒப்பிடலாம். இதற்குக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. சைக்கிளின் இரு பல்சக்கரங்களிலும் உள்ள பற்களை மாணவரைக் கொண்டு எண்ணச் செய்து, ஆசிரியர்கள் இத்தத்துவத்தை வகுப்பிலேயே விளக்கலாம்.

நின்ற வண்டியின் புகை எஞ்சினின் நிலையைக் காட்டும். ஏறும் வண்டியின் புகையோ கியரின் பொருத்தத்தையும் சேர்த்துக் காட்டும்.