ஆளுநர் ஏற்கும் உறுதிமொழி

சென்னை கிண்டியிலுள்ள ஆளுநர் மாளிகையைக் கடந்து செல்வோர் பலர். அங்கு வாழ்பவரின் கடமை யாதெனச் சிந்திப்போர் சிலரே.

கம்பெனி ஆட்சியில் சென்னை ஆளுநரே அரசாங்கத்தின் தலைவர். வரியும் படையும் அவர் கையில் இருந்தன. 1820இல் பொறுப்பேற்ற சர் தாமஸ் மன்றோ, உழவரிடம் நேரடியாக வரி பெறும் இரயத்துவாரி முறையை நிலைநாட்டினார். 1827இல் சுற்றுப்பயணத்தின்போதே, பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மாண்டார். விடுதலைக்குப் பின், 1948இல் முதல் இந்திய ஆளுநராகப் பவநகர் மகாராஜா கிருஷ்ணகுமார சிங்ஜி வந்தார்.

1950இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆளுநர் பொதுவாக அமைச்சரவையின் அறிவுரைப்படியே செயல்பட வேண்டும். அவரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அவர் விரும்பும்வரைதான் பதவி. ஆயினும் 159ஆம் பிரிவின்படி அவர் ஏற்கும் உறுதிமொழி, நியமித்தவருக்கு விசுவாசமாயிருப்பேன் என்பதன்று. அரசியலமைப்பைக் காத்து, அம்மாநில மக்களின் நலனுக்குத் தொண்டாற்றுவேன் என்பதே.

இவ்விரண்டும் மோதினால்? 1991 ஜனவரியில் தமிழக அரசைக் கலைக்க மத்திய அரசு முனைந்தபோது, அதற்கான அறிக்கையை அனுப்ப ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்தார். அவரது அறிக்கை இல்லாமலேயே, 356ஆம் பிரிவின்கீழ் அரசு கலைக்கப்பட்டது. பின்னர் அவரைப் பீகாருக்கு மாற்றினர். அவரோ பதவியையே துறந்தார். 2004இல் அவரே மீண்டும் தமிழக ஆளுநரானார்.

கலைப்பை அவரால் தடுக்க இயலவில்லை; தம் கையொப்பத்தை மட்டும் காத்துக்கொண்டார். குடும்பத்திலும் ஊரிலும் பொறுப்பேற்றிருக்கும் நாம், நம் கையொப்பம் எதற்குத் துணைபோகிறது என்று எண்ணிப் பார்ப்பது நலம்.