நார் நூற்கும் கட்டளை

தையல் ஊசி விரலில் ஏறுவது திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களில் அரிய நிகழ்ச்சி அன்று. குருதி நின்று, சில நாள்களில் புண் மூடிக்கொள்கிறது. சிதைந்த இடத்தை இட்டு நிரப்புவதில் பெரும்பங்கு கொலாஜன் என்னும் நார்ப்புரதத்துக்கு உரியது. மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு நூல் போன்றது அது. இவ்வடிவத்தை 1954ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்மொழிந்தனர். அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அளித்த கங்காருவின் வால் தசைநாண் அவர்தம் ஆய்வுக்கு உதவிற்று.

நூலின் முறுக்கு இவ்வாறு விளங்கிற்று. அதனை எப்போது நூற்பது, எப்போது நிறுத்துவது என்பது வேறொரு வினா. தோலிலும் எலும்பிலும் மிகுந்துள்ள முதல்வகைக் கொலாஜனுக்கு இரு மரபணுக்கள் உண்டு. ஒன்று 17ஆம் குரோமோசோமிலும் மற்றொன்று 7ஆம் குரோமோசோமிலும் அமைந்துள்ளன. நரம்புச் செல்லிலும் இவை இருக்கின்றன. ஆயினும் அங்கு வாளா கிடக்கின்றன. மரபணுவின் தொடக்கப்பகுதியில் அமர்ந்து, அதனைப் படியெடுக்கச் செய்தும் தடுத்தும் ஆளுகின்ற புரதங்களே இவ்வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம். அவை படியெடுத்தல் காரணிகள் எனப்படும்.

புண்பட்ட இடத்தில் குருதித் தட்டுகள் டி.ஜி.எஃப்-பீட்டா என்னும் சைகைப்புரதத்தை வெளியிடுகின்றன. அது நார் ஆக்கும் செல்லின் மேற்பரப்பில் பொருந்தியதும், உள்ளே ஸ்மாட்3 என்னும் காரணியில் பாஸ்பேட் சேர்கிறது. ஸ்மாட்3 தன் இணையாகிய ஸ்மாட்4உடன் உட்கருவுக்குள் புகுந்து, அங்குள்ள எஸ்பி1 காரணியோடு கூடி மரபணுவை இயக்குகிறது. பெயர்கள் வறண்டவை, பணியோ உயிர்ப்பு மிக்கது. தையற்காரருக்குக் கைமடி ஆள் போல, இப்பணிக்குப் பி300 என்னும் துணைப்புரதம் தேவை. நிறுத்தும் வழிகளுள் ஒன்றும் இங்கேயே உள்ளது. காமா இன்டர்ஃபெரான் தூண்டும் ஸ்டாட்1 என்னும் காரணியும் அதே பி300ஐ நாடுகிறது. செல்லில் அதன் அளவோ குறைவு. ஸ்டாட்1 அதனை ஈர்த்துக்கொண்டால் கொலாஜன் ஆக்கம் தளர்கிறது.

தூண்டுதல் ஓயாவிடில் என்ன நேரும்? ஆடைத்தொழிலே இதற்குச் சான்று தந்துள்ளது. துருக்கியில் ஜீன்ஸ் துணிக்குப் பழைய தோற்றம் தருவதற்காக மணலைப் பீய்ச்சியடித்த இளந்தொழிலாளர் பலர், சிலிக்கா துகளைச் சுவாசித்து நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். கரையாத துகள் அழற்சியை நீடிக்கச் செய்யும். சைகைப்புரதம் தொடர்ந்து சுரக்கும். நெகிழ்ந்து விரிய வேண்டிய திசுவில் கொலாஜன் படிந்து இறுகும். அந்நாடு 2009ஆம் ஆண்டு இம்முறையைத் தடைசெய்தது. பணியை விட்டுச் சென்ற பின்னரும் பலருக்கு நோய் முற்றியது. துகள் நுரையீரலிலேயே தங்கியிருந்தது.