ஒலிகேட்பறையில் சப்வூஃபர்

சப்வூஃபர் என்பது, மனிதச் செவி உணரும் ஒலிகளுள் மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்டவற்றை, அதாவது ஏறத்தாழ 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலானவற்றை, எழுப்புவதற்கென்றே அமைக்கப்பட்ட ஒலிபெருக்கிப் பெட்டி ஆகும். இவ்வொலிகள் பேச்சுவழக்கில் 'பேஸ்' எனப்படுகின்றன. இக்கட்டுரையில் இவை தாழொலி எனக் குறிக்கப்படுகின்றன. வீட்டு அறையில் தாழொலியின் தரம் பெட்டியின் விலையையும் ஆற்றலையும் விட, அறையின் அளவு, சுவர்களின் தன்மை, பெட்டி வைக்கப்படும் இடம், கேட்பவர் அமரும் இடம் ஆகியவற்றையே பெரிதும் சார்ந்துள்ளது. இதனை அறியாமல், ஒலி சரியில்லை எனக் கருதி மேலும் பெரிய பெட்டியை வாங்குவோர் பலர். குறை அறையில் இருப்பின் பெரிய பெட்டி அக்குறையைப் பெரிதாக்குமே அன்றி நீக்காது.

வரலாறு

திரையரங்குகளில் தாழொலிக்கெனத் தனிப் பெட்டிகள் பயன்பட்டமைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1974 இல் வெளிவந்த 'எர்த்குவேக்' என்னும் அமெரிக்கத் திரைப்படமும் அதற்கெனப் பொருத்தப்பட்ட 'சென்சரவுண்ட்' அமைப்பும் ஆகும். பின்னர் வந்த 5.1 ஒலியமைப்பில் தாழொலிக்கெனத் தனித்தடம் ஒன்று ஒதுக்கப்பட்டது. '.1' என்பது இத்தடத்தையே குறிக்கின்றது. 1990களில் டால்பி, டிடிஎஸ் முறைகள் தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தன. குறுந்தகடும் டிவிடியும் பரவியபின் சப்வூஃபர் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

தாழொலியும் அலைநீளமும்

30 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கின்றது. இவ்வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 35 சென்டிமீட்டர் மட்டுமே. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 8.7 மீட்டர், அதாவது ஏறத்தாழ 29 அடி. வீட்டு அறைகள் பெரும்பாலும் இதனினும் சிறியவை. எனவே தாழொலி அறைக்குள் ஒளிக்கற்றைபோல் ஒரு திசையில் செல்வதில்லை. அது எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மோதி மீண்டு, நிலை அலைகளாக அறை முழுவதும் நிற்கின்றது.

அறையின் ஒத்ததிர்வுகள்

சுவர்களுக்கு இடைப்பட்ட தொலைவு அரை அலைநீளத்திற்குச் சமமாகும்போது முதல் ஒத்ததிர்வு தோன்றும். வேலூர் மாவட்டத்தின் பேரணாம்பட்டு முதலிய ஊர்களில், செங்கற்சுவரும் கான்கிரீட்டுக் கூரையும் கொண்ட வீடு ஒன்றில் 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் ஒத்ததிர்வுகள் பின்வருமாறு அமையும்:

* நீளவாட்டில்: ஏறத்தாழ 48 ஹெர்ட்ஸ்
* அகலவாட்டில்: ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ்
* உயரவாட்டில்: ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ்

அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு ஒத்ததிர்வுகள் ஒரே அதிர்வெண்ணில் குவிகின்றன. பத்துக்குப் பத்து அறையில் உயரமும் பத்தடியாயின் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஒலி கேட்பதற்கு மிகவும் பொருந்தாத வடிவம் இதுவே ஆகும்.

நிலை அலையின் அழுத்தம் சுவரருகில் மிகுதியாகவும், முதல் ஒத்ததிர்வைப் பொறுத்தவரை அறையின் நடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். அழுத்தம் மிகக் குறைந்த இடம் கணு எனப்படும். எனவே ஒரே பாடலைக் கேட்கும் இருவருள், சுவரில் சாய்ந்திருப்பவர் தாழொலி மிகுதி என்பார். அறை நடுவில் அமர்ந்தவர் தாழொலியே இல்லை என்பார். இருவர் கூற்றும் உண்மையே.

இதனை இசையைக் கொண்டே உணரலாம். பேஸ் கிதாரின் நான்கு தந்திகள் முறையே ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்சில் ஒலிப்பவை. மேற்கூறிய அறையின் மூலையில் அமர்ந்து கேட்டால், 46 முதல் 49 வரையும் 55 முதல் 58 வரையும் உள்ள சுரங்கள் முழங்கும். இவற்றைக் கடந்த 65 ஹெர்ட்ஸ் சுரம் தளர்ந்து ஒலிக்கக்கூடும். இளையராஜாவின் பாடல்கள் பலவற்றில் பேஸ் கிதார் தனியொரு மெட்டாகவே நடப்பதைக் கேட்கலாம். அம்மெட்டு ஏறி இறங்குவது தெரியாமல் 'தும் தும்' என ஒரே சுரமாகக் கேட்குமாயின், அறையை ஐயுற வேண்டும். மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் தொப்பியின் ஒவ்வொரு தட்டும் தனித்தனியே தொடங்கி அடங்குகின்றதா என்பதும் நல்ல சோதனையாகும்.

சுவர்களின் தன்மை

மேலைநாட்டு நூல்களில் காணப்படும் அறிவுரைகள் பல, மரச்சட்டத்தின்மேல் சுண்ணப்பலகை அறைந்த சுவர்களைக் கருத்தில் கொண்டவை. அத்தகைய சுவர்கள் தாழொலிக்குச் சிறிது அசைந்து கொடுத்து அதன் ஆற்றலை உட்கொள்கின்றன. செங்கல்லும் கான்கிரீட்டும் அவ்வாறு அசைவதில்லை. எனவே நம் வீடுகளில் ஒத்ததிர்வுகள் வலிமையாகவும், நெடுநேரம் அடங்காமலும் நிற்கின்றன. பழைய நாட்டோட்டு வீடுகளில் தாழொலி ஓட்டு இடுக்குகளின் வழியே வெளியேறிவிடும். அங்கே முழக்கம் குறைவு, ஆனால் தாழொலியின் வலிமையும் குறைவு.

உறுதியான சிற்றறைக்கு ஒரு நன்மையும் உண்டு. முதல் ஒத்ததிர்வுக்கும் கீழான அதிர்வெண்களில், கதவும் சன்னலும் மூடிய அறை அழுத்தத்தைத் தேக்கி வைத்துப் பெட்டிக்குத் துணை செய்கின்றது. ஆகவே பத்தடி அறைக்கு மாபெரும் பெட்டி தேவைப்படுவதில்லை.

பெட்டியையும் இருக்கையையும் அமைத்தல்

மூலையில் வைத்த பெட்டி எல்லா ஒத்ததிர்வுகளையும் தூண்டும். ஒலி மிகும், ஆனால் சீராக இராது. சுவர் ஒன்றின் நடுவில் வைத்தால், அச்சுவரின் நீளவாட்டிலான முதல் ஒத்ததிர்வு தூண்டப்படுவதில்லை.

பொருத்தமான இடத்தைக் கண்டறிய எளிய முறை ஒன்று உண்டு. ஒலி மூலமும் கேட்பவரும் இடம் மாறினாலும் விளைவு மாறாது என்னும் ஒலியியல் நேர்மாற்றுத் தத்துவத்தை இம்முறை பயன்படுத்துகின்றது. 19ஆம் நூற்றாண்டில் எல்மோல்ட்சும் ராலே பிரபுவும் விளக்கிய தத்துவம் இது.

# சப்வூஃபரை வழக்கமாக அமரும் இருக்கையின்மேல் வைக்கவும்.
# தாழ்சுரங்கள் ஏறி இறங்கும் இசைப்பகுதி ஒன்றைத் தொடர்ந்து ஒலிக்கவிடவும்.
# பெட்டி வைக்க இயலும் இடங்களில் காதைத் தரையருகே கொண்டுசென்று கேட்கவும்.
# எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கும் இடத்தில் பெட்டியை வைக்கவும்.

இருக்கையைப் பின்சுவரை ஒட்டியோ, நீளத்தின் சரிநடுவிலோ வைத்தல் தகாது. 12 அடி நீள அறையில் பின்சுவரிலிருந்து ஏறத்தாழ நாலரை அடி என்பது நல்ல தொடக்கம். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சிறிய பெட்டிகளை வைப்பது, ஒரு பெரிய பெட்டியைவிடப் பல இருக்கைகளுக்குச் சீரான தாழொலியைத் தருகின்றது. அமெரிக்க ஆய்வாளர் டாட் வெல்ட்டி 2002 இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கியது.

சீரமைப்பு

* பிரிப்பு அதிர்வெண்: இதற்குக் கீழுள்ள ஒலிகள் சப்வூஃபருக்குச் செல்லும். 80 ஹெர்ட்ஸ் பொதுவாக ஏற்றது. இதனை மிக உயர்த்தினால் ஆண்குரல் பெட்டியிலிருந்து வருவதுபோல் தோன்றும்.
* கட்டம்: சப்வூஃபரும் மற்ற ஒலிபெருக்கிகளும் எதிர்க்கட்டத்தில் இயங்கினால் பிரிப்பு அதிர்வெண்ணருகே ஒலி குன்றும். 0, 180 பாகை ஆகிய இரு நிலைகளிலும் கேட்டு, ஒலி நிறைவாக உள்ளதைக் கொள்ள வேண்டும்.
* ஒலியளவு: பெட்டி இருப்பதே தெரியாமல், அணைத்தால் மட்டும் குறை தெரியும் அளவே சரியான அளவு.
* மின்வழிச் சமன்செய்தல்: மிகையான முழக்கத்தைக் குறைக்க உதவும். கணுவில் உள்ள பள்ளத்தை நிரப்ப உதவாது. 10 டெசிபெல் உயர்த்துவதற்குப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். அதன் பின்னும் கணு கணுவாகவே இருக்கும்.

அறைப் பொருட்கள்

மெல்லிய பஞ்சுப் பலகைகளும் முட்டை அட்டைகளும் தாழொலியை உறிஞ்சுவதில்லை. அவை உயர் அதிர்வெண்களை மட்டும் குறைத்து, தாழொலியை மேலும் மிகுந்ததாகக் காட்டும். மூலைகளில் தரை முதல் கூரை வரை தடிப்பான கண்ணாடிப் பஞ்சோ பாறைப் பஞ்சோ அடைத்துத் துணி போர்த்துவது பயன் தரும். தடித்த மெத்தைகள் சிறிதளவு உதவும். இரும்புப் பீரோ, சன்னல் கண்ணாடி, அடுக்கிய பாத்திரங்கள் ஆகியன அதிர்ந்து எழுப்பும் சலசலப்பைப் பெட்டியின் குறை எனத் தவறாகக் கருதுவதுண்டு. சோதனைச் சுரத்தை 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல உயர்த்தினால் அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கலாம்.

அயலாரும் சட்டமும்

தாழொலி சுவர்களை எளிதில் ஊடுருவும். அதிர்வெண் பாதியாகும்போது சுவரின் தடுப்புத்திறன் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகின்றது. வீடுகள் ஒரே சுவரைப் பகிரும் நெருக்கமான தெருக்களில், பாடல் கேட்காத அயல்வீட்டாருக்கும் அதன் முழக்கம் கேட்கும். இந்தியாவின் ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என வரம்பிடுகின்றன. இவ்வளவீட்டுக்கான 'ஏ' நிறையிடல் 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 30 டெசிபெல் குறைத்தே கணக்கிடும். எனவே கருவி காட்டும் எண் வரம்புக்குள் இருப்பினும், சுவருக்கு அப்பால் உறங்கும் குழந்தைக்கோ நோயாளிக்கோ தொல்லை இல்லை எனக் கொள்ள முடியாது. பெட்டியின் அடியில் இடும் ரப்பர்த் திண்டு தரைவழி அதிர்வைச் சிறிது குறைக்கும். காற்றுவழி ஒலியைக் குறைக்காது. பெட்டியைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கி வைப்பதும், இரவில் அளவைக் குறைப்பதுமே உறுதியான வழிகள். அறை சீராக அமைந்துவிட்டால் குறைந்த அளவிலேயே தாழொலி தெளிவாகக் கேட்கும்.