எண்ணெய் அடைத்த மூச்சு

மீன் வாங்கும் இல்லத்தரசி முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். செக்கச் சிவந்திருந்தால் புது மீன். அச்சிவப்பு இரத்தத்தின் நிறம். நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை மெல்லிய செவுள் இழைகளின் வழியே இரத்தம் பெற்றுக்கொள்கிறது. செவுளே மீனின் மூச்சுறுப்பு.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கசிந்து கடற்கரை கறுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது.

எண்ணெய் உயிர்களை எவ்வாறு வதைக்கிறது? செவுளில் படிந்து மீனைத் திணறவைக்கிறது. சேற்றில் பிராணவாயு அரிது. எனவே அலையாத்தி மரங்கள் மூச்சுவேர்களை மேலே நீட்டிக் காற்றை வாங்குகின்றன. அவ்வேர்களின் நுண்துளைகளும் அடைபடுகின்றன. கூழைக்கடாவின் இறகுகள் ஒட்டிக்கொள்ள, நீர் உட்புகுந்து உடற்சூடு குறைகிறது. அலகால் இறகைக் கோதும்போது நஞ்சு வயிற்றுக்குள்ளும் செல்கிறது.

இறால் குஞ்சுகள் வளர்வது அலையாத்தி வேர்களின் அடைக்கலத்தில்தான். கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் ஏழைப் பெண்களின் அடுப்பெரிவதும் அவற்றால்தான்.

மிதக்கும் எண்ணெயை அள்ளிவிடலாம். சேற்றில் இறங்கியதை அள்ளுதல் அரிது. ஆகவே ஆலை வாயிலிலேயே அதைத் தடுப்பதுதான் அறிவுடைமை. வேரின் மூச்சு நின்றால், அதனை நம்பிய குடும்பங்களின் வாழ்வும் நின்றுவிடும் அன்றோ!