கோவிட் நினைவுச் சுவர், லண்டன்

நதிக்கு அக்கரையில் பாராளுமன்றம், இச்சுவருக்குப் பின்னால் செயின்ட் தாமஸ் மருத்துவமனை. இவ்விரண்டுக்கும் நடுவே, தேம்ஸின் கரையோரமாக ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்கு, கோவிடுக்குத் தம் உற்றாரைப் பறிகொடுத்தவர்களும் அவர்களுக்குத் துணைநின்ற தொண்டர்களும், எவருடைய அனுமதிக்கும் காத்திராமல், 2021 மார்ச் 29 அன்று சிவப்பு இதயங்களைத் தீட்டத் தொடங்கினார்கள். மரணச் சான்றிதழில் அந்நோயின் பெயர் இடம்பெற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் இதயம் என்பது கணக்கு. தொடக்கத்தில் சுமார் 1,50,000 ஆக இருந்த தொகை பின்னர் 2,00,000-ஐயும் கடந்துவிட்டது.

உள்ளங்கையளவே உள்ள இதயத்துக்குள் ஒரு பெயர், ஒரு தேதி, சிலவற்றில் ‘அப்பா’ என்று பொருள்படும் ஒற்றைச் சொல். பல இங்கு வந்தவர்கள் தம் கையாலேயே எழுதியவை. அந்திம வேளையில் அருகிருக்கவும் அடக்கத்தில் பலராய்க் கூடவும் விதிகள் இடங்கொடாத அந்நாட்களில் வாய்க்காமற்போன விடைபெறுதலை, பலர் இச்சுவரின் முன்னே நின்றுதான் செய்துகொண்டார்கள்.

முதலில் உபயோகித்த பேனாக்களின் மை வெயிலில் வெளுத்து, சிவப்பு இளஞ்சிவப்பாகிப் பெயர்களும் மங்கலாயின (சித்திரம் வெளுப்பதைப் பொறுக்கலாம், பெயர் அழிவதைப் பொறுக்க முடியுமா?). ஆகவே தொண்டர்கள் வாரந்தோறும் வந்து, சுவருக்கென்றே உள்ள நீடித்த வர்ணத்தால் இதயங்களை மறுபடி தீட்டி, பெயர்களையும் புதிதாக எழுதுகிறார்கள். எந்தச் சிவப்பு மிக அடர்ந்து தோன்றுகிறதோ, அது சமீபத்தில் பூசியது.